கயிறு யாரோடு இருக்கிறது? மீட்பு முக்குளிப்புக்கு ஹார்னஸ் தேர்ந்தெடுத்தல்

வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) தன்னார்வ நீர்மீட்புக் குழுவில் முக்குளிப்பவன். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் எந்த ஹார்னஸை, அதாவது கயிற்றைப் பூட்ட உடலில் அணியும் பட்டைத் தொகுப்பை, வாங்குவது என்று கேட்பதால், இன்று அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காவல்துறைக்காகவும் தீயணைப்புத் துறைக்காகவும் நாங்கள் இறங்கும் நீர், பவளப்பாறை பார்க்க இறங்கும் நீர் அன்று. நீட்டிய கை தெரியாத சேற்றில், தூண்டில் நரம்பையும் கம்பியையும் மூழ்கிய காரின் உடைந்த கண்ணாடியையும் தடவித்தான் அறிய வேண்டும். தேடும் தடத்தை ஒழுங்குபடுத்துவதும், சைகையைக் கொண்டுசேர்ப்பதும், திரும்பும் வழியாக அமைவதும் கரையில் டெண்டர் எனப்படும் துணையாள் பிடித்திருக்கும் கயிறுதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் படகில் கயிறு பிடித்தவரை நம்பியே மூச்சடக்கி இறங்கினார்கள்.

ஆகவே நான் முதலில் கேட்பது இதுதான்: காற்றுச் சிலிண்டரைத் தாங்கும், பிசிடி எனப்படும் மிதவைச் சட்டையை முழுவதும் கழற்றிய பிறகும் கயிறு உங்கள் உடலோடு இருக்குமா? பயிற்சியின் தொடக்கத்தில், கடலில் அணிந்த அதே சட்டையின் டி வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு, எதுவும் தெரியாதபடி முகமூடியின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நீச்சல்குளத்தில் இறங்கினேன். சிலிண்டர் வால்வு வலையில் சிக்கியது; சட்டையைக் கழற்றி விடுபட்டேன்; ஆனால் டெண்டர் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் நான் இல்லை. அந்தச் சில நொடிகளின் அச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எனவே ஹார்னஸை டிரை சூட் எனப்படும் நீர் புகாத உடையின் மேலும் பிசிடிக்கு அடியிலும் தனியாக அணிய வேண்டும். தொடையிடுக்குப் பட்டை இல்லையென்றால், மயங்கியவரை இழுக்கும்போது ஹார்னஸ் முழுவதும் கக்கத்தைத் தாண்டித் தலைப்பக்கம் ஏறிவிடக்கூடும். கயிறு மார்பு உயரத்தில் பூட்டப்பட்டால் தலை முன்னே வரும்; இடுப்பில் பூட்டப்பட்டால் உடல் மடிந்து வரும். கயிற்றை ஹார்னஸோடு இணைக்கும் காரபினர் கொக்கி பூட்டக்கூடியதாகவே இருக்கட்டும், ஏனெனில் அழுத்தினால் திறக்கும் சாதாரணக் கொக்கி வழியில் கிடக்கும் நரம்பையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

மூழ்குவதற்கான எடைகளைப் பிசிடியின் பைகளில் வைப்பதையும் நான் ஏற்பதில்லை. சட்டையைக் கழற்றியதும் எடை அதனோடு கீழே தங்க, டிரை சூட்டிலுள்ள காற்று உங்களை மேலே தள்ளும். முகமூடியின் குழாயோ இன்னும் அந்தச் சிலிண்டரோடு இணைந்திருக்கும். தனி எடைப்பட்டைக்குச் செலவிடும் பணம் வீணாகாது.

மாசுபட்ட நீரில் முழுமுக முகமூடியைக் கழற்றுவது ஆபத்து என்பதால், போனி எனப்படும் சிறிய அவசரகாலச் சிலிண்டரை (19 அல்லது 30 கன அடி காற்று கொள்வது) மார்பருகே உள்ள, ஒரு சிலிண்டரிலிருந்து மற்றதற்கு மாற்றும் மாற்றுவால்வு வழியாக அதே முகமூடியோடு இணைக்கிறோம். கத்தியைவிடக் கத்தரி எனக்கு மேலானது. நரம்பு கத்திக்கு வழுக்கி நழுவும், கத்தரிக்கு உடனே அறும். தோளுக்கும் தொப்புளுக்கும் இடையே, இரு கைக்கும் எட்டும்படி இரண்டு கத்தரிகள் வேண்டும்.

அமெரிக்கக் கூட்டரசின் தொழில்முறை முக்குளிப்பு விதிகள், அரசு அமைப்புகளின் தேடல், மீட்புப் பணிகளுக்கு விலக்களிக்கின்றன. அதனால் இந்தத் தேர்வின் பொறுப்பு பெரும்பாலும் குழுவின் மேலேயே விழுகிறது. எங்கள் குழுவில் புதிய ஹார்னஸ் வந்தால், தடித்த கையுறையும் கண்கட்டுமாகத் தரையில் அமர்ந்து, பிசிடியைக் கழற்றி, மாற்றுவால்வைத் திருப்பி, இரு கத்தரிகளையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் அதை நீருக்குள் கொண்டுபோகிறோம்.