ரசிகர் கேட்டதும் கதாசிரியர் கொடுத்ததும்

அனைவருக்கும் வணக்கம். ஒரு முள்ளெலியின் பல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2019 ஏப்ரல் கடைசியில் சோனிக் படத்தின் முதல் டிரெய்லர் வெளியானது. சோனிக் யாரென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். 1991-லிருந்து சேகாவின் வீடியோ கேம்களில் ஓடிக்கொண்டே இருக்கும் நீல முள்ளெலி. பெரிய கண், வெள்ளைக் கையுறை, சிவப்பு ஷூ. டிரெய்லரில் வந்து நின்றதோ வேறு ஏதோ ஒன்று. சின்னக் கண், மனிதத் தொடை, வாயைத் திறந்தால் வரிசையாக மனிதப் பல். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், மறுநாள் திட்டினார்கள். மூன்றாவது நாளுக்குள் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர், உருவத்தை மாற்றப்போகிறோம் என்று ட்விட்டரில் அறிவித்துவிட்டார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப்போனது. திருத்தும் பொறுப்பு டைசன் ஹெஸ் கைக்கு வந்தது. அவர் சோனிக் காமிக்ஸ் வரைந்து பழகியவர். படம் ஓடியது, அடுத்தடுத்த பாகங்களும் வந்துவிட்டன.

ரசிகர் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று இதை இன்றைக்கும் சொல்கிறார்கள். சரி, வெற்றிதான். ஆனால் அவர்கள் கேட்டது என்ன? முப்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய முகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். சரியான விடை ஏற்கெனவே கேம் அட்டையில் அச்சாகியிருந்தது. புதிதாக யாரும் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் ரசிகர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிராஃபிக்ஸ் வேலையில் பெரும்பங்கு செய்த எம்பிசி நிறுவனத்தின் வான்கூவர் ஸ்டுடியோ, படம் வெளியாவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. நிறுவனம் சொன்ன காரணம் சந்தை நெருக்கடி. ஆனால் ஒரு படத்தின் நாயகனை மறுபடி வரைவது என்றால், யாரோ சிலர் பல இரவுகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள் என்று அர்த்தம். வெற்றி விழாவில் அவர்கள் பேச்சே வரவில்லை.

அப்புறம், ரசிகர் கையில் முடிவையே கொடுத்தால் என்ன ஆகும்? அதுவும் ஒருமுறை நடந்தது.

1988. பேட்மேனின் கூட்டாளி ராபின். முதல் ராபினான டிக் கிரேசன் வளர்ந்து தனி வழி போய்விட்டதால், அந்த இடத்துக்கு ஜேசன் டாட் என்ற பையன் வந்திருந்தான். பேட்மேனின் காரிலேயே டயரைக் கழற்றித் திருடப் பார்த்த தெருப்பையன். முரடன், சொன்ன பேச்சுக் கேட்காதவன். வாசகர்களில் நிறையப் பேருக்கு அவனைப் பிடிக்கவில்லை. பேட்மேன் காமிக்ஸ் இதழின் ஆசிரியர் டென்னிஸ் ஓ'நீல் ஒரு யோசனை செய்தார். ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அபாரோ வரைந்த கதையில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் ஜேசனை இரும்புக் கம்பியால் அடித்துப் போடுகிறான், கட்டடம் வெடிக்கிறது, இதழ் முடிகிறது. கடைசியில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்றைச் சுழற்றினால் பையன் பிழைப்பான், இன்னொன்றைச் சுழற்றினால் சாவான். ஓர் அழைப்புக்கு 50 சென்ட்.

எண்ணிக்கை இதுதான்: சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் வெறும் 72. ஒரே ஆள் கம்ப்யூட்டரை வைத்துத் திரும்பத் திரும்பச் சாவுக்கு ஓட்டுப் போட்டதாகத் தான் கேள்விப்பட்டதை ஓ'நீலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த இதழுக்கு இரண்டு விதமாகவும் பக்கங்கள் தயாராக இருந்தன. பேட்மேன் பையனின் உடலைத் தூக்கி வரும் பக்கம் அச்சுக்குப் போனது. அப்போதே இது குரூரம் என்று கண்டனம் எழுந்தது. எனக்கும் அப்படித்தான் படுகிறது, அது காகிதத்தில் வரைந்த பையன் என்றாலும்.

சரி, அந்த ஓட்டு கதைக்கு என்ன கொடுத்தது? ஒரு பிணத்தைக் கொடுத்தது. தொலைபேசியால் அவ்வளவுதான் முடியும், ஆம், இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் படைப்பு என்பேன். ஜேசனின் உடுப்பு பேட்மேனின் குகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. பேட்மேன் அதைத் தாண்டாமல் வேலைக்குப் போக முடியாது. பல வருஷங்கள், பல எழுத்தாளர்கள், அந்தக் குற்ற உணர்ச்சியை விடாமல் கதைக்குள் வைத்திருந்தார்கள். 2005-ல் ஜட் வினிக் ஜேசனை உயிரோடு கொண்டுவந்தார், ரெட் ஹுட் என்ற முகமூடிக்குள். எப்படி உயிர்த்தான் என்று கேட்காதீர்கள். வேறொரு பிரபஞ்சத்து சூப்பர்பாய் யதார்த்தத்தின் சுவரை ஓங்கிக் குத்தியதில் உயிர்த்தான். காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

ஆனால் திரும்பி வந்தவன் பேட்மேனிடம் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். என்னை ஏன் காப்பாற்றவில்லை என்று அவன் கேட்கவில்லை. அதை மன்னித்துவிட்டேன் என்கிறான். என்னைக் கொன்ற ஜோக்கர் இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அவன் கேள்வி. பேட்மேன் யாரையும் கொல்வதில்லை என்ற பழைய விதியின் அடிவேரிலேயே அந்தக் கேள்வி கை வைக்கிறது. அந்தப் பத்தாயிரம் அழைப்புகளில் ஒன்றாவது இதைக் கேட்டிருக்குமா? இதைக் கேட்க ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று வாசகர்கள் ஓட்டுப் போட்டு ஒழித்த ஜேசனுக்கு இன்றைக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது.

அடுத்தது கேம். 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகம்: 2007, 2010, 2012. பயோவேர் செய்தது. இதன் கவர்ச்சியே நாம் எடுக்கும் முடிவுகள்தான். முதல் பாகத்தில் யாரைச் சாகவிட்டீர்களோ அவர் மூன்றாம் பாகத்திலும் இருக்க மாட்டார். ஒருவர் நூறு மணிநேரத்துக்கு மேல் விளையாடிக் கடைசிக் காட்சிக்கு வந்தால், முன்னால் மூன்று வழி. எதைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, ஒளியின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். அத்தனை மணிநேரத்துக்கும் இதுவா என்று கொதித்தார்கள். ஒருவர் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகாரே கொடுத்தார். இன்னும் சிலர் கோபத்தைக் காட்டவே நிதி திரட்டி, குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அமைப்புக்கு 80,000 டாலர் போல அனுப்பினார்கள். எனக்குப் பிடித்த எதிர்ப்பு வேறொன்று. கனடாவின் எட்மன்டனில் இருக்கும் பயோவேர் அலுவலகத்துக்கு நானூறு கப்கேக் வந்து இறங்கியது. மேலே சிவப்பு, நீலம், பச்சை கிரீம். உள்ளே எல்லாமே ஒரே வெனிலா. இதைவிடக் கூர்மையான விமர்சனக் கட்டுரையை அந்த வருஷம் யாரும் எழுதவில்லை.

பயோவேர் அந்த ஜூனிலேயே முடிவை நீட்டி, விளக்கம் சேர்த்து, இலவசமாகக் கொடுத்தது. கொஞ்சம் ஆறுதல். அதிலும் ஒரு குறும்பு இருந்தது: இந்த மூன்றுமே வேண்டாம் என்று மறுக்கும் நான்காவது வழி. அதைத் தேர்ந்தால் எதிரி ஜெயித்துவிடுவான்! ஆனால் ரசிகர்கள் இன்றும் கொண்டாடுவது அந்த நீட்டிப்பை இல்லை. அடுத்த வருஷம் 'சிட்டாடல்' என்று ஒரு துணைக்கதை வந்தது. அண்டத்தைக் காப்பாற்றுகிற கமாண்டர் ஷெப்பர்ட், அதாவது கேமில் நாம் ஆடும் பாத்திரம், பழைய தோழர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறார். கிண்டல், குடி, ஆட்டம். எல்லோரும் வருத்தப்பட்டது முடிவைப் பற்றி என்றுதான் சொன்னார்கள். உள்ளே இருந்தது, அந்த மனிதர்களிடம் சரியாக விடைபெறவில்லை என்ற ஏக்கம். எழுதியவர்களுக்கு அது எட்டியிருக்கிறது. கேட்டதைக் கொடுத்தபோது ஆறுதல் மட்டும் கிடைத்தது. கேட்காததைக் கொடுத்தபோது மனசு நிறைந்தது.

படைப்பாளி செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. பழைய படங்களுக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசுவது தவறு என்று 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய் வாதாடியவர் ஜார்ஜ் லூகாஸ். அவரே 1997-ல் தன்னுடைய 1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தைத் திருத்தி, ஹான் சோலோ என்ற போக்கிரி முதலில் சுடும் காட்சியை, எதிரி முதலில் சுடுவதாக மாற்றினார். எதிரிக்கு முந்திச் சுடுகிற போக்கிரி பிறகு நல்லவனாக மாறுவதுதான் அந்தப் பாத்திரத்தின் அழகு. அதை ரசிகர்கள் பிடித்துக்கொண்டு இன்னும் விடவில்லை. விடவும் கூடாது.

கடைசியாக ஒன்று. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. 2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ரோஸ் டிகோ என்ற மெக்கானிக்காக நடித்தவர் கெல்லி மேரி டிரான். வியட்நாமிலிருந்து வந்த அகதிகளின் மகள். படம் பிடிக்காதவர்களில் ஒரு கூட்டம் அவருடைய நிறத்தையும் இனத்தையும் வைத்து மாதக்கணக்கில் அசிங்கமாக எழுதியது. 2018-ல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டார். அடுத்த படம் 2019-ல் வந்தபோது ரோஸ் திரையில் வந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. எழுதியவர்களில் ஒருவர் அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தப் படம் முழுக்கவே, முந்தைய படத்தைத் திட்டியவர்களைச் சமாதானப்படுத்த உட்கார்ந்து எழுதிய மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. நாயகியின் பெற்றோர் யாரோ சாதாரண மனிதர்கள் என்று முந்தைய படம் சொன்னதை மாற்றி, அவளைப் பழைய சக்கரவர்த்தியின் பேத்தி ஆக்கினார்கள். முந்தைய படம் பிடித்தவர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. பிடிக்காதவர்களும் திருப்தியாக வீட்டுக்குப் போகவில்லை.

என் நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கேள்விகளுக்கு வருவோம். ஹான் சோலோவை விட்டு வேறு எதைக் கேட்டாலும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.