தாபோர்: மலைப் பெயர் போர்க்களம் வந்த கதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வண்டிகளை வளைத்து நிறுத்தி, உள்ளிருந்து சண்டை போடும் அரணுக்குப் போலந்து, உக்ரைன் பக்கமெல்லாம் ‘தாபோர்’ என்று பெயர். அது செக் நாட்டுத் தாபோர் ஊரிலிருந்து பிறந்ததா, மத்திய ஆசியத் துருக்கியரின் ‘தப்கூர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததா? இதுதான் வழக்கு. நான் தாபோர் ஊருக்காகப் பேசுகிறேன்.

வண்டி அரண் நாடோடிகளின் பழைய பழக்கம் என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். 378-இல் அட்ரியானோப்பிளில் கோத்துகள் அப்படித்தான் ரோமப் படையை எதிர்கொண்டார்கள். ஆனால் பழக்கம் பழையது என்பதால் இந்தப் பெயரும் பழையதாகிவிடாது.

1415-இல் யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியை உயிரோடு எரித்தார்கள். கொதித்தெழுந்த அவர் வழியினர் 1420-இல் இன்றைய செக் நாட்டின் தெற்கு பொஹீமியாவில் ஓர் ஊர் அமைத்து, கலிலேயாவின் தாபோர் மலைப் பெயரை அதற்கு வைத்தார்கள். பெரும்பாலும் குடியானவர்கள். ஒற்றைக்கண் தளபதி யான் ஜிஷ்கா அவர்களுடைய வண்டிகளையே கோட்டையாக்கினார். பக்கவாட்டில் கனத்த பலகை, அதில் சுடுவதற்குத் துளைகள், வண்டிக்கு வண்டி சங்கிலி, நடுநடுவே சிறு பீரங்கிகள். கவசக் குதிரை வீரர்கள் மோதி மோதிச் சிதறினார்கள். அந்தப் பீரங்கிக்குச் செக் மக்கள் வைத்த பெயர் ‘ஹௌஃப்னித்சே’. இன்று உலகமே சொல்லும் ‘ஹோவிட்சர்’ அதிலிருந்து வந்ததுதான். பீரங்கியின் பெயர் நாடு விட்டு நாடு போனபோது, பக்கத்தில் நின்ற வண்டி அரணின் பெயர் மட்டும் போகாதா?

செக் மக்களே அதை ‘வண்டிச் சுவர்’ என்றுதானே அழைத்தார்கள் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் செய்தவர்கள் பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள், அதைப் பார்த்த அயலார் ஊரைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள். நாம் சர்க்கரையைச் சீனி என்கிறோம். சீனர்களா அப்படிச் சொல்கிறார்கள்?

சரி, துருக்கியிலும் ‘தபுர்’ இருக்கிறதே என்பார்கள். 1443, 44 போர்களைப் பற்றிய உஸ்மானியத் துருக்கியர் எழுத்தில் அது எதைக் குறிக்கிறது? எதிரே வந்த தளபதி ஹுன்யாதியின் ஹங்கேரியப் படை கட்டிய வண்டி அரணை! அந்த வித்தையை ஹங்கேரியர் கற்றதோ செக் வீரர்களிடம்.

கடைசியாக, நம் நாட்டுச் சாட்சி ஒன்று. 1526, பானிபட். பாபர் வண்டிகளைத் தோல் கயிற்றால் பிணைத்து அரண் கட்டினார். தம் நினைவுக் குறிப்புகளைச் சகதாய் மொழியில், அதாவது எதிரணி சொல்லும் ‘தப்கூர்’ வழங்கிய அதே மொழியில் எழுதியவர் அவர். அவரோ அதை ‘ரூமி முறை’, அதாவது உஸ்மானியர் முறை என்றே எழுதுகிறார். தம் முன்னோரின் சொல்லும் வித்தையும் கையருகே இருந்திருந்தால், மேற்கே கைகாட்ட வேண்டிய தேவை அவருக்கு ஏன் வந்தது? எதிரணி பதில் சொல்லட்டும். வணக்கம்.