தம்பி வயதுக்காரரின் கட்டளை

(அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வான படைவீரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய வீரர்களே,

சிப்பாயாகச் சேர்ந்து, சிலர் நாயக், ஹவில்தார் என்று உயர்ந்து, எழுத்துத் தேர்விலும் தேர்வு வாரியத்திலும் வென்று, டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜுக்குப் போகவிருக்கிறீர்கள். மூன்றாண்டுப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றதும், இந்திய இராணுவ அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி தொடரும். அணிவகுப்பும் ஓட்டமும் உங்களுக்குப் பழகியவை; பாடங்களும் உழைத்தால் வசப்படும். உங்களில் பலருக்கு உறுத்தலாக இருக்கப்போவது, உங்களைப் போன்றே பயிற்சி பெறும் ஒரு கேடட்டின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான்.

படையில் பணியாற்றியவர்களும் நேரடியாக வந்த இளைஞர்களும் சேர்ந்து பயிலும் இந்தக் கலப்பு, அகாடமியோடு பிறந்தது. 1932இல் சேர்ந்த முதல் அணியின் 40 பேரில் 15 பேர் படையில் சாதாரண வீரர்களாகப் பணியாற்றியவர்கள். பின்னாளில் பாகிஸ்தான் தரைப்படைத் தலைவரான முகமது மூசாவும் அவ்வாறு வந்தவரே.

யூனிட்டில் உங்கள் சொல்லுக்குப் பின்னால் ரேங்க்கும் சர்வீஸும் நின்றன. அகாடமியிலோ சக கேடட்டுகளை வழிநடத்தும் அண்டர் ஆபீசர் பொறுப்புகளைக் கேடட்டுகளே வகிக்கிறார்கள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் பயின்றுவிட்டு வந்த இருபத்தோரு வயது இளைஞர், எல்லைக் காவலில் பனியையும் வெயிலையும் பார்த்துவிட்டு வந்த உங்களை வரிசையில் நிறுத்தி உங்கள் பூட்ஸைச் சோதிப்பார். ‘இந்தப் பையனுக்கு என்ன தெரியும்?’ என்று மனம் கேட்கும். அது இயல்புதான், ஆனால் அந்தக் கேள்வி உங்கள் நடத்தையில் வெளிப்படக் கூடாது.

இரவு நேர வழியறியும் பயிற்சியை எண்ணிப் பாருங்கள். தலைமை ஏற்ற கேடட், போர்வைக்குள் டார்ச்சை மறைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கிறார். அவர் தேர்ந்தெடுக்கும் மலைமுகடு தவறானது என்பது உங்களுக்குத் தெரிகிறது. “தப்பு, இந்தப் பக்கம் வாருங்கள்” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னால், அந்தக் கணமே அணிக்கு இரண்டு தலைவர்கள் உண்டாகிவிடுகிறார்கள். அதன்பின் வழி சரியாக இருந்தாலும் அணி சரியாக இராது. அவர் அருகில் குனிந்து, “அந்த ஓடையை இன்னொரு முறை பார்த்துவிடலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டு, திருத்திய கட்டளையை அவர் வாயாலேயே வரவிட்டால், உங்கள் அனுபவம் முழு அணிக்கும் பயன்படும். இதைப் பணிவு என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், இது தொழில்திறன். யூனிட்டுக்குப் புதிதாக வந்த லெப்டினன்ட்டுகளுக்கு இதைத்தானே நீங்கள் செய்து வந்தீர்கள்?

தலைமை உங்களிடம் வரும்போது சிக்கல் வேறு விதமானது. ஹவில்தாரின் அதட்டல் அங்கே எடுபடாது. உங்களுக்குக் கீழே நிற்பவர் நாளை உங்களுக்கே தலைவராகலாம். ஏன் இந்த வழி, ஏன் இந்த நேரம் என்று காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பளுவான சுமையை முதலில் நீங்களே தூக்குங்கள். நெடுநடையில் களைத்துப் பின்தங்குபவரைக் கடிந்துகொள்ளாமல் அவருடைய கால் கொப்புளத்தைக் கவனிக்க உங்களுக்குத் தெரியும். பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் அதை உங்களைப் பார்த்தே கற்க வேண்டியிருக்கும்.

பயிற்சி முடிந்து நீங்கள் லெப்டினன்ட்டாக ஒரு யூனிட்டில் நுழையும் நாளில், பதவியில் உங்களுக்குக் கீழ் இருந்தாலும் உங்களைவிட வயதிலும் சர்வீஸிலும் மூத்த சுபேதார் ஒருவர் உங்களுக்கு சல்யூட் அடிப்பார். டேராடூனில் இளைய கேடட்டின் முன் விறைத்து நின்றபோது உங்கள் மனத்தில் ஓடியதெல்லாம் அவர் மனத்திலும் ஓடக்கூடும். அதை அறிந்தே அவரிடம் முதல் வார்த்தையைப் பேசுங்கள்.