நேராகக் கேளுங்கள்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் ஓர் ஆலோசகர் ஆற்றிய உரை)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் இடமில்லாமல் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வீட்டில் சாவுப் பேச்சே ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை ஒருநாள் "செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்றால், "விளக்கு வைக்கும் நேரத்தில் என்ன பேச்சு இது" என்று அதட்டிவிடுவோம். தயவுசெய்து அதட்டாதீர்கள். சந்தேகம் தட்டினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். இருபது வயதுப் பையன். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சும் இல்லை. சம்பளம் வந்த அன்று மாமாக் கடைப் பாக்கியைத் தீர்த்தான். ஆசையாக வளர்த்த மீன்களைத் தொட்டியோடு பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான். முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு. "பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது" என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை; அவன் விடைபெறுவதுபோல் பட்டது. அறைக்கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, உயிரை விடலாம் என்று நினைக்கிறாயா?" என்று கேட்டாள். அவன் உடைந்து அழுதான். ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், வாங்கிய கடன் அதன்பிறகுதான் வெளியே வந்தது.

அக்கா திட்டவில்லை, "அம்மாவை நினைத்தாயா" என்று குத்திக்காட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றினாள், விடிந்ததும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். இந்த வேகம் மிக மிக முக்கியம். அந்த உச்ச வேதனை பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியக்கூடியது. தணியும்வரை கூட ஓர் ஆள் இருந்தாலே பல உயிர்கள் மிஞ்சும்.

முன்பு ஒருமுறை முயன்று பிழைத்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். நாமோ, வீடு வந்துவிட்டார், இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று மூடிவிடுகிறோம். அந்த வாரங்களில் தினமும் விசாரியுங்கள். அடுத்த சிகிச்சைத் தேதிக்குக் கூடவே போங்கள்.

போலீஸ் வருமே என்று மருத்துவமனைக்கே போகாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. நமது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்று சொல்லிவந்தது. துன்பத்தில் துடிப்பவருக்குச் சிறையா என்று எனக்கு நெஞ்சு கொதிக்கும். 2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. பிழைத்தவர் குற்றவாளி அல்லர். அந்தப் பயம் இனி யாருக்கும் வேண்டாம்.

மனம் விட்டுப் பேசவும் உதவி கேட்கவும் இந்த எண்களைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-76272929, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் லைன்: 15555. தாலியான் காசே: 15999. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999.

தம்பி தங்கைகளே, இவ்வளவு நேரம் நான் பேசியது உங்களைப் பற்றித்தான் என்று யாருக்காவது தோன்றினால், வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் வாருங்கள். கூட்டம் கலைந்த பிறகும் இங்கேதான் இருப்பேன். எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம், வந்து உட்கார்ந்தாலே போதும்.