தங்க ஊசியே ஆனாலும்

(நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அறுவடை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்ட வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, மைக் கட்டிய தம்பியே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த நூலகருக்குத் தனி நன்றி.

ஊசி கேட்கும் நாம், ஊசி போடும் டாக்டர், போட்டபின் குப்பைக்குப் போகும் ஊசி என்று மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீஸில் இருக்கிறது. சரி, பார்ப்போம்.

'தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்கிறதா?' என்று எங்கள் ஆத்தா கேட்கும்.

1984-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த புதிது. கண்ணாடி சிரிஞ்சை ஸ்டெரிலைசரில் கொதிக்கவைத்து எடுக்கும் காலம். ஒரு பாட்டி காய்ச்சலோடு வந்தது. பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது. "ராசா, நாலு மைல் நடந்து வந்திருக்கேன். இந்தச் சுண்ணாம்பு வில்லைக்கா? ஊசி போடு." இந்தக் காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம், மாத்திரையே ஒரு மணி நேரத்தில் கேட்கும் என்றேன். "ஊசி போடத் தெரியாதுன்னா சொல்லிடு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றது! மறுநாள் டீக்கடையில் எனக்குப் பெயர் 'மாத்திரை டாக்டர்'. பாட்டி நேராக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் இடுப்பில் ரெட்டை ஊசி போட்டுக்கொண்டு, பஞ்சை எடுக்காமலே தெருவெல்லாம் காட்டியிருக்கிறது. பத்தாம் நாள் மாட்டு வண்டியில், குப்புறப் படுத்தபடி என்னிடமே வந்தது. ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ்க்கட்டி. கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டேன். வலியோடு திரும்பிப் பார்த்து, "அன்னைக்கே நீ கொஞ்சம் அதட்டி மாத்திரை குடுத்திருக்கலாமே" என்றது. தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்கிறதா?

சீழ்க்கட்டியோடு போனால் பாக்கியம். 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போட்டு, மஞ்சள் காமாலையில் எத்தனையோ பேர் செத்தார்கள். வளரும் நாடுகளில் ஆண்டுக்கு 1,600 கோடி ஊசி என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அதில் தடுப்பூசி நூற்றுக்கு ஐந்து அளவுதான்.

அப்புறம் டாக்டர். 'போடாவிட்டால் நோயாளி எதிர்க் கடைக்குப் போய்விடுவார்' என்பார். இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பக்கம் 1990-களில் ஊசி எழுதுபவர்களையும் நோயாளிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். நோயாளிகள் எல்லாருமே ஊசிக்கு ஆசைப்படவில்லை என்பது டாக்டர்களுக்கு அங்கேதான் தெரிந்தது. நூறு நோயாளிகளில் 70 பேர் அளவுக்குப் போட்ட ஊசி 42 பேராக இறங்கியது. பேசினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பேச முடியாததற்குக் காரணம், ஊசியில் என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. வலிக்கு டைக்ளோஃபினாக், தெம்புக்கு பி-காம்ப்ளெக்ஸ், சில இடத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. போட்டதும் ஜோராக இருக்கும், சர்க்கரை ஏறுவது பிறகு தெரியும். கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் பொதுப்பெயரைச் சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லி டாக்டர்களுக்கு 2016-லேயே விதி வந்தாயிற்று. கிளினிக்கிலேயே போட்டுவிடும் ஊசி பல நேரம் சீட்டில் ஏறுவதே இல்லை. நான் பல வருஷமாகக் கத்துவது இதைத்தான்: போட்ட ஊசியின் பெயரும் காரணமும் தமிழில் சீட்டில் இருக்க வேண்டும். எழுத வேண்டும் என்றாலே பாதி ஊசி நின்றுவிடும்.

மூன்றாவதாகக் குப்பை ஊசி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அது இன்னொரு நாள். ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும். முதல் கையெழுத்து தலைவருடையதாக இருக்கட்டும், பேனா என்னிடமே இருக்கிறது. வணக்கம்.