பார்க்காமலே பைத்தியம் என்றார்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்று தெற்கு ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவின் ராஜாவாக இருந்த இரண்டாம் லுட்விக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். "பைத்தியக்கார ராஜா" என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1864 மார்ச்சில் அப்பா திடீரென்று இறந்துபோக, 18 வயதில் முடிசூட்டிவிட்டார்கள். வந்ததும் முதல் வேலையாக, கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த இசைமேதை வாக்னரை மியூனிக்குக்கு வரவழைத்து, அவருடைய கடனை அடைத்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டே வாக்னரை ஊரைவிட்டு அனுப்பும்படி ஆகிவிட்டது. அப்புறம் 1866இல், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட வடக்கு ஜெர்மன் நாடான பிரஷ்யாவோடு போர். ஆஸ்திரியா பக்கம் நின்ற பவேரியா தோற்று, 3 கோடி கில்டர் தண்டம் கட்டியது. 1871இல் ஜெர்மன் பேரரசு வந்ததும் பெரிய முடிவுகளெல்லாம் பெர்லின் கைக்குப் போய்விட்டன. ராஜாவுக்கு மிஞ்சியது கிரீடம்தான்.

சரி, அவர் என்ன செய்தார்? கட்டினார். மலையுச்சியில் நாய்ஷ்வான்ஸ்டைன், காட்டுக்குள் லிண்டர்ஹோஃப், ஏரித்தீவில் ஹெரன்கீம்சே என்று மூன்று அரண்மனைகள். லிண்டர்ஹோஃபில் சாப்பாட்டு மேசையைப் பார்க்கவேண்டும். தரையில் ஒரு சதுரம் திறக்கும், மேசை அப்படியே கீழே சமையற்கட்டுக்கு இறங்கும், அங்கே பரிமாறி முடித்ததும் கைச்சக்கரத்தைச் சுற்றி மேலே ஏற்றுவார்கள். பக்கத்தில் ஆள் நிற்காமல் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மனிதர்களைக் கண்டு அப்படிக் கூசிப்போன ஒருவரைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இதெல்லாம் அரசுக் கஜானாவைச் சுரண்டிக் கட்டியதில்லை. தனக்கு வந்த பணம், அது போதாமல் வாங்கிய கடன். 1886இல் கடன் சுமார் 1 கோடியே 40 லட்சம் மார்க்கைத் தொட்டது, ஆனாலும் அவர் நிறுத்துவதாக இல்லை. அமைச்சர்கள் பயந்துபோனதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி? குடன் என்ற மனநல மருத்துவரும் இன்னும் மூன்று மருத்துவர்களும் வேலைக்காரர்களிடம் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து, "குணப்படுத்த முடியாத பைத்தியம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்காக ஒருவர்கூட அவரை நேரில் பரிசோதிக்கவில்லை!

அதைக் காட்டி ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கி, ஜூன் 12 அன்று ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் உள்ள பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலை ராஜாவும் குடனும் காவலர் யாரும் இல்லாமல் உலாவப் போனார்கள். இரவில் இருவருடைய உடலையும் ஏரியில், கரையோரத் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். ராஜாவுக்கு 40 வயதுதான். என்ன நடந்தது என்று இன்றுவரை அடித்துச் சொல்ல ஆளில்லை.

ஏழே வாரத்தில், ஆகஸ்ட் 1 அன்று, அவர் தனிமைக்காகக் கட்டிய நாய்ஷ்வான்ஸ்டைனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். போகிறவர்கள் அங்கே சிம்மாசன மண்டபத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சலவைக்கல் படிகள் இருக்கும், ஏறிப்போகும் இடத்தில் சிம்மாசனம் இருக்காது; அதைச் செய்வதற்குள் அவர் போய்விட்டார்.