ரஷ் வரும்வரை யாருக்கும் தெரியாது

அனைவருக்கும் வணக்கம்.

பி.ஆர்.விஜயலட்சுமி என்றாலே ‘ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்’ என்று சொல்லிக் கைதட்டிவிடுகிறோம். தட்டட்டும். ஆனால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்தல். அவர் செய்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அவர் தனித்து ஒளிப்பதிவு செய்த முதல் படம் பாக்யராஜின் ‘சின்ன வீடு’, 1985. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் அந்தக் காலத்துப் படப்பிடிப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஷாட் ஓடும்போதே மானிட்டரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது. டீ கொண்டுவரும் தம்பிகூட ‘கொஞ்சம் டார்க்கா இருக்கே சார்’ என்று சொல்லலாம். அன்றைக்கு எல்லாம் ஃபிலிம். கேமராவில் மாட்டும் 400 அடி ஃபிலிம் பெட்டி, அதாவது மேகஸின், நாலரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். லைட் மீட்டரில் வெளிச்சத்தை அளந்து, லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்று அப்பர்ச்சரை முடிவுசெய்து எடுத்தாயிற்று. சரி, படம் விழுந்திருக்கிறதா? நெகட்டிவ் லேபுக்குப் போய், டெவலப் ஆகி, முதல் பிரிண்ட் போட்டு, அந்த ‘ரஷ்’ஷைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை ஒளிப்பதிவாளர் ‘ஓகே’ என்றால் ஓகேதான். தப்பினால் தயாரிப்பாளர் பணம் போச்சு, நடிகர்களின் கால்ஷீட்டும் போச்சு. அந்த ‘ஓகே’யை ஓர் இளம்பெண் சொன்னார், அதை நம்பி மொத்த யூனிட்டும் அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்தது. பட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

‘பந்துலு மகள், அவருக்கென்ன’ என்பவர்கள் உண்டு. அவருடைய அப்பா, இயக்குநர் பி.ஆர்.பந்துலு 1974-லேயே காலமாகிவிட்டார். அப்பாவின் பெயர் ஸ்டுடியோ வாசல்வரை உதவியிருக்கலாம். ஆனால் யார் மகள் என்று பார்த்து லைட் மீட்டர் ரீடிங் காட்டாது. விஜயலட்சுமி தொழில் படித்தது ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கியவர் அசோக்குமார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கேமரா உதவியாளராகச் சேர விண்ணப்பம், தேர்வு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு ஒளிப்பதிவாளர் ‘நாளைக்கு வந்துடு’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் பெண்களைச் சேர்க்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை. சும்மா இருந்தாலே போதும், கதவு தானாக மூடிக்கொள்ளும். அசோக்குமார் சும்மா இருக்கவில்லை. ஆனால் எத்தனை அசோக்குமார்கள் இருந்தார்கள்? விஜயலட்சுமிக்கு அப்புறம் சென்னையில் பலரும் சட்டென்று சொல்லும் பெயர் ஃபௌசியா பாத்திமா. ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃபிரண்ட்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அது 2002. நடுவில் பதினேழு வருடம்! பிறகு ‘கண்ட நாள் முதல்’ மூலம் ப்ரீத்தா வந்தார், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் குடும்பத்துப் பெண்.

விஜயலட்சுமி 1995-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை நடிக்கவைத்து ‘பாட்டு பாடவா’ இயக்கினார். அப்புறம் சரிகமா நிறுவனம், தொலைக்காட்சி என்று பல வருடங்கள். 2018-ல் ‘அபியும் அனுவும்’ படத்தோடு மறுபடி இயக்கத்துக்கு வந்தார். சின்னத்திரைக்குப் போனதை ஏதோ இறக்கம் மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் தவறாமல் சம்பளம் தரும் வேலையைச் சினிமா எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறது?

2017-ல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆகவே ‘எடுக்கலாம்தான், ஆள் கிடைக்கலையே’ என்று இனி எந்தத் தயாரிப்பாளரும் சொல்ல முடியாது. உங்களில் யாராவது நாளை ஒளிப்பதிவாளர் ஆனால், உதவியாளர் கேட்டு வரும் முதல் பெண்ணிடம் என்ன சொல்வீர்கள்? கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.